பழைய ரீல் பெட்டி கிடைத்தால்: டர்பனிலிருந்து ஒரு வழிகாட்டி

சாட்ஸ்வர்த்தில் பெரியப்பா வீட்டு கராஜைக் காலி செய்த அன்று, பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் நான்கு தகர டின் கிடைத்தது. ஒவ்வொன்றும் தோசைக்கல் அகலம். முதல் மூடியைத் திறந்ததும் அச்சார் ஜாடியைத் திறந்த மாதிரி ஒரு புளிப்பு வாடை. “யாருடா இங்க வினிகரைக் கொட்டினது?” என்று பெரியம்மா வாசலிலிருந்தே கேட்டார். யாரும் கொட்டவில்லை. உள்ளே ஒரு தமிழ்ப் படம் அழுகிக்கொண்டிருந்தது.

பழைய படச்சுருளைக் காப்பாற்றி, ஸ்கேன் செய்து, டிஸ்க்காக ஆக்கும் வேலைக்குள் என்னை இழுத்துவிட்டது அந்த வாடைதான். அன்றைக்கு யாராவது பக்கத்தில் நின்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைப்பவற்றை இங்கே எழுதுகிறேன். நான் லேப் ஆள் இல்லை. தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டவன்.

இந்த ஊர் கராஜ்களில் ஏன் படச்சுருள் கிடைக்கிறது என்று இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள். தென்னாப்பிரிக்காவுக்கு டிவி வந்ததே 1976இல்தான். அதுவரை பயாஸ்கோப்பை (சினிமாக் கொட்டகையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) விட்டால், 16 மி.மீ. படத்தையும் புரொஜெக்டரையும் வாடகைக்கு எடுத்து வீட்டுச் சுவரில் காட்டுவதுதான் வழி. 1946இலிருந்து இந்தியா இந்த நாட்டோடு வியாபாரத்தை நிறுத்தி வைத்திருந்தாலும், படங்கள் வேறு நாடுகள் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தன. டர்பனின் கிரே தெரு வட்டாரத்தில் அவலான், ஷாஜகான் என்று கொட்டகைகள் நிரம்பி வழிந்தன. அப்புறம் வீடியோ கேசட் வந்தது, ரீல்கள் கராஜுக்குப் போயின. சென்னையில் யாரும் பத்திரப்படுத்தாத ஒரு படம் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலோ டொங்காட்டிலோ ஒரு பரணில் கிடக்கலாம். முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸுக்கே (1931) இன்று ஒரு பிரதி கூட இல்லை என்பதை நினைத்தால், எந்த டின்னையும் அலட்சியமாக ஓரம் தள்ள மனம் வராது.

டின்னைத் திறக்கும்போது

முதலில் ஒன்றைச் செய்யாமல் இருங்கள்: புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்காதீர்கள். மாமாவிடம் ஓடுகிற புரொஜெக்டர் இருக்கிறது, ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்று எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். நாற்பது ஐம்பது வருஷம் கிடந்த ஃபிலிம் சுருங்கியிருக்கும். அதன் ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தாலே போதும், புரொஜெக்டரின் பல் ஓட்டைகளைக் கிழித்துக்கொண்டே போய்விடும். அந்த ஒரே ஒரு தடவையோடு படம் முடிந்தது.

காற்றோட்டமான இடத்தில், வெள்ளைத் துணி விரித்த மேஜையில் வைத்துத் திறங்கள். பருத்திக் கையுறை போதும். ஓரத்தைப் பிடித்து ஒன்றிரண்டு அடி மட்டும் அவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 35 மி.மீ. அகலமாக இருந்து, ஓரத்தில் ‘நைட்ரேட்’ என்று அச்சாகியிருந்தால், அல்லது படம் 1950களின் தொடக்கத்துக்கு முந்தையது என்று சந்தேகம் வந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். நைட்ரேட் ஃபிலிம் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. எரியத் தேவையான ஆக்ஸிஜனை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். 2003இல் புனேயில் நடந்த தீ விபத்தில் இந்திய சினிமாவின் எத்தனையோ பழைய நைட்ரேட் படங்கள் போனதும் இப்படித்தான். அதை வீட்டில் வைக்கவும் கூடாது, காரில் ஏற்றிக்கொண்டு அலையவும் கூடாது. பிரிட்டோரியாவில் உள்ள தேசியத் திரைப்பட, வீடியோ, ஒலி ஆவணக் காப்பகத்துக்கு முதலில் தகவல் சொல்லுங்கள். 16 மி.மீ. என்றால் இந்தப் பயம் அநேகமாக வேண்டியதில்லை, அது வீட்டில் ஓட்டவென்றே வந்த பாதுகாப்பு ஃபிலிம்.

பாதுகாப்பு ஃபிலிமின் நோய்தான் அந்தப் புளிப்பு வாடை. அந்த ஃபிலிம் அசிடேட்டால் ஆனது. அசிடேட் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவரும், அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். வெயிலும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும், டர்பனில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. எவ்வளவு முற்றியிருக்கிறது என்று மூக்கை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது. நீலத்திலிருந்து பச்சை, பச்சையிலிருந்து மஞ்சள் என்று நிறம் மாறும் சோதனைத் தாள் கிடைக்கும், அதை டின்னுக்குள் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். எங்கள் நான்கில் மூன்று பச்சை, ஒன்று மஞ்சள். மஞ்சளை மற்றவற்றோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், அதன் ஆவி பக்கத்து டின்னையும் பிடிக்கும். துருப்பிடித்த தகரத்திலிருந்து மாற்றி, காற்றுப் போக வழியுள்ள பிளாஸ்டிக் டின்னில், வீட்டிலேயே குளிர்ந்த, உலர்ந்த அறையில் தரையோரமாக வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே உள்ள பரண் வேண்டவே வேண்டாம்.

என்ன படம், முழுசாக இருக்கிறதா?

டின்னின் மேல் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். எங்கள் டின் ஒன்றில் ஒரு படத்தின் பெயர், உள்ளே வேறொரு படத்தின் கடைசிக் கால் பாகம். வாடகைக் கடைகளில் அப்படித்தான் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் இருந்தால் அதிர்ஷ்டம். அதில் படத்தின் பெயர், ஆண்டு, எத்தனை ரீல், எவ்வளவு நீளம் எல்லாம் இருக்கும். அந்த நீளம் 35 மி.மீ. கணக்கு. 35 மி.மீ. ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும், 16 மி.மீ. 36 அடி. ஆகவே 14,400 அடி என்று சான்றிதழ் சொன்னால் படம் 160 நிமிஷம். 16 மி.மீ.யில் அது 5,760 அடி, அதாவது 1,600 அடி சுருளில் நான்கு. கையில் 5,200 அடிதான் இருக்கிறது என்றால் கால் மணி நேரம் காணவில்லை. போயிருப்பது பெரும்பாலும் பாட்டாகத்தான் இருக்கும். யாரோ ஒருவர் தனக்குப் பிடித்த பாட்டை வெட்டி எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டிருப்பார். எங்கள் படத்தில் ஒரு டூயட்டே இல்லை. பெரியப்பாவைத் தவிர வேறு யார்மேலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

அடுத்தது முக்கியமானது. ஸ்கேனுக்கு ஒரு காசு செலவழிப்பதற்கு முன், இதைவிட நல்ல பிரதி எங்காவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். கேமராவில் ஓடிய மூல நெகட்டிவ் கிடைத்தால் அதுதான் அரசன். அது இல்லாவிட்டால் கொட்டகையில் ஓட்டிய 35 மி.மீ. பிரிண்ட், அதற்கும் கீழேதான் நம் 16 மி.மீ. புனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கும், மும்பையில் 2014இலிருந்து இயங்கும் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷனுக்கும், தயாரிப்பாளர் குடும்பத்துக்கும் எழுதுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் வரவே வராது. அதற்காக எழுதாமல் இருக்க வேண்டாம். நெகட்டிவ் இல்லை என்றாலும் மனம் தளர வேண்டியதில்லை. அரவிந்தனின் மலையாளப் படமான கும்மாட்டியை (1979) 2021இல் மீட்டபோது புனேயில் இருந்த 35 மி.மீ. பிரிண்ட்தான் கைகொடுத்தது.

ஸ்கேன்: கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை

என் பெரிய தவறு இங்கேதான். முதல் சுருளை, பழைய ஃபிலிமை டிவிடி ஆக்கித் தருகிற ஒரு கடையில் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் பளபளவென்று ஒரு டிஸ்க் வந்தது. டிவி முழுக்க நிரம்புகிற அகலப் படம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கதாநாயகி ஆடும் காட்சி வந்தபோதுதான் விழித்துக்கொண்டேன்: சலங்கைச் சத்தம் கேட்கிறது, கால் இல்லை. நெற்றிப் பொட்டுக்கு மேலே தலையும் இல்லை. சதுரம் போன்ற படத்தை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். மூல ஃபைலைக் கேட்டேன். “அதையெல்லாம் வைத்துக்கொள்வதில்லை” என்று பதில்.

தமிழில் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் 1973இல் வந்த ராஜராஜ சோழன். அதற்கு முந்தைய தமிழ்ப் படம் உங்கள் டிவியை விளிம்பிலிருந்து விளிம்பு வரை நிரப்பினால், யாரோ கத்தி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கொடுக்கும் முன் இவற்றைக் கேளுங்கள். ஸ்கேனரில் பல் சக்கரம் இருக்கக் கூடாது, சுருங்கிய ஃபிலிமை உருளைகளால் மட்டும் இழுக்கிற வகையாக இருக்க வேண்டும். பிரேமின் விளிம்பும் ஓட்டையும் தெரிகிற அளவுக்கு வெளியே தள்ளிப் பிடிக்க வேண்டும், வெட்டுவதை நாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 16 மி.மீ. பிரிண்ட்டுக்கு 2கே நுணுக்கம் (பிரேமின் அகலத்தில் சுமார் இரண்டாயிரம் புள்ளி) போதும், 4கே என்று சொல்லிக் கூடுதலாக வாங்குவார்கள், அதில் கூடுதலாகத் தெரியப்போவது ஒன்றுமில்லை. 35 மி.மீ. நெகட்டிவ் என்றால் 4கே செலவுக்குத் தகும். ஒலித்தடத்தைத் தனியாகப் படித்து எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தத் திருத்தமும் செய்யாத மூல ஸ்கேனை நம்மிடம் கொடுக்க வேண்டும். அது சின்ன ஃபைலாக இருக்காது. 2கேயில் அமுக்காத ஒரு பிரேம் ஏறக்குறைய 12.7 எம்பி. 160 நிமிஷப் படத்தில் 2,30,400 பிரேம். பெருக்கினால் கிட்டத்தட்ட 3 டெராபைட். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள், இரண்டையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள்.

விமானத்தில் கொண்டுபோனால் எக்ஸ்ரே கெடுத்துவிடுமோ என்று கேட்பார்கள். கழுவி முடித்த ஃபிலிமை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது.

தூசி தட்டுவது, அளவோடு

கணினியில் உட்கார்ந்து பழைய படத்தைப் புதுசாக்குவதுதான் இந்த வேலை என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். இந்த வேலையில் பாதி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான்.

டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளில் தூசி நீக்கும் கருவிகள் உண்டு. முன் பிரேமிலும் பின் பிரேமிலும் இல்லாமல் நடுவில் ஒரு பிரேமில் மட்டும் வருகிற புள்ளியை அழுக்கு என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். முதல் நாள் இதைத் தானாக ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் கீறல் எல்லாம் போய்விட்டது. கூடவே கதாநாயகியின் மூக்குத்தி மின்னுவதும் போய்விட்டது. கோயில் காட்சியில் அம்மன் மேல் தூவிய பூக்கள் பாதியில் காணாமல் போயின. மத்தாப்பில் பொறியே இல்லை. மழை நின்றுவிட்டது, ஆனால் எல்லோரும் நனைந்தபடி நிற்கிறார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு காட்சியாகப் பார்த்துத்தான் செய்கிறேன். மழை, கற்பூரம், பூ, ஜரிகை, நகை உள்ள காட்சிகளில் கருவியை அணைத்துவிட்டுக் கையால் ஒட்டுகிறேன். லோட் ஷெடிங் (மின்வெட்டு) நடுவில் வந்தால் போனதுதான், யுபிஎஸ் இல்லாமல் இறங்காதீர்கள்.

படத்தில் மணல் மாதிரி துடிக்கும் துகள்கள் அழுக்கு இல்லை, அவைதான் ஃபிலிமின் உடம்பு. அதை வழித்துவிட்டால் முகங்கள் மெழுகுப் பொம்மை ஆகிவிடும். அசைவு வழவழப்பாக வரட்டும் என்று பிரேம்களைப் பெருக்குவதும் வேண்டாம். வண்ணப் படமாக இருந்து, முழுவதும் ரோஸ் நிறமாக வெளுத்திருந்தால் பயப்படாதீர்கள். 1980களின் தொடக்கம் வரை வந்த ஈஸ்ட்மேன்கலர் பிரிண்ட்டுகளில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் போகும். கொஞ்சம் மீட்கலாம், முழுசாக முடியாது. இலை பச்சையாகத் தெரிந்து, முகத்தின் நிறம் நம்பும்படி இருந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

காதுக்கு உள்ள வேலை

16 மி.மீ. ஒலித்தடத்தில் மேல் சுரங்கள் மங்கலாகத்தான் இருக்கும். இரைச்சலைத் துடைக்கிறேன் என்று அழுத்தினால் நாதஸ்வரத்தின் இழுவை நடுவில் அறுந்துபோகும், வசனத்துக்கு முன்னால் உள்ள மூச்சு போய்விடும். படபடவென்ற வெடிப்புச் சத்தங்களை மட்டும் எடுங்கள். பாட்டுக்குப் பழைய இசைத்தட்டிலிருந்து நல்ல ஒலியை எடுத்து ஒட்டலாமே என்று தோன்றும். தட்டில் உள்ள பாட்டு பெரும்பாலும் குறுக்கியது, படத்தில் ஒரு சரணம் கூட வரும், உதடு ஒத்துவராது.

காணாமல் போன டூயட்டை நான் கடைசியில் ஒரு பழைய வீடியோ கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டினேன். அதைப் பார்த்தபோது, சுருதி ஞானம் உள்ள எங்கள் சித்தப்பா, “என்ன, இந்தப் பாட்டு மட்டும் அரைக் கட்டை ஏறிப் பாடுது?” என்றார். கிட்டத்தட்ட சரி. இங்கும் இந்தியாவிலும் வீடியோ ‘பால்’ (PAL) முறையில் நொடிக்கு 25 பிரேம் ஓடும், சினிமா 24. கேசட்டிலும் டிவிடியிலும் படம் 4 சதவீதம் வேகமாகப் போகும், குரலும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். கேசட்டிலிருந்து எதை எடுத்தாலும் முதலில் 24க்கு இறக்குங்கள். எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைத் திரையிலோ அட்டையிலோ சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள்.

சப்டைட்டில் இல்லாவிட்டால் எதுவுமில்லை

இதை இந்தியாவில் உள்ளவர்கள் ஒரு கடைசி நேர வேலையாக நினைக்கலாம். நம் ஊரில் அப்படி இல்லை. என் ஆயாவுக்கு (பாட்டிக்கு) படம் முழுக்கப் புரியும், அம்மாவுக்குப் பாதி, என் மகளுக்குத் ‘தண்ணி’, ‘சோறு’, ‘வா’ தவிர ஒன்றும் புரியாது. மூன்று பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் இத்தனை பாடு. தூசி நீக்குவதில் ஒரு மாதம் மிச்சம் பிடித்து அதை இங்கே போடுங்கள்.

வரிக்கு நாற்பது எழுத்துக்குள், ஒரு தடவைக்கு இரண்டே வரி, கண் படிக்க நேரம். இது பொதுவான வழக்கம். மீதியெல்லாம் வீட்டில் உட்கார்ந்துதான் வரும். ஆயாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வசனமாக நிறுத்திக் கேட்டேன். மகன் வாசலில் நின்று “போயிட்டு வர்றேம்மா” என்கிறான். நான் ‘போகிறேன்’ என்று மட்டும் ஆங்கிலத்தில் போட்டிருந்தேன். “அவன் திரும்பி வரமாட்டான்னு இப்பவே சொல்லிட்டியே” என்றார் ஆயா. அந்தப் படத்தில் அவன் உண்மையிலேயே திரும்பி வருவதில்லை, அந்த வசனம் அதற்காகவே வைத்தது. எங்கள் வீட்டு ஆங்கிலத்தில் ‘போய் வருகிறேன்’ என்றே சொல்லுவோம், அதையே எழுதிவிட்டேன். மாமா, அத்தை, அண்ணி போன்றவற்றையும் மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டேன், நம் பிள்ளைகளுக்கு அவை தெரியும். அத்தான் மட்டும் மகளுக்குத் தெரியவில்லை, முதல் தடவை வரும்போது ஒரு விளக்கம் போட்டேன். பாட்டுக்கும் சப்டைட்டில் போடுங்கள். தமிழ்ப் படத்தில் பாதிக் கதை பாட்டில்தான் நகர்கிறது.

உரிமை

ரீல் உங்களுடையது என்பதால் படம் உங்களுடையது ஆகிவிடாது. வீட்டுக்குள் பார்ப்பதோடு நிறுத்தாமல் டிஸ்க் போட்டு விற்கவோ கொடுக்கவோ நினைத்தால் இது முதல் வேலை. இந்தியச் சட்டப்படி படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு. 1960இல் வந்த படம் 2021 ஜனவரியிலிருந்து அங்கே பொதுவுடைமை. தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் படத்துக்கு 50 ஆண்டு. பலர் இங்கேயே கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். பாட்டு வரிக்கும் இசைக்கும் கணக்கு வேறு, எழுதியவர் இறந்த ஆண்டிலிருந்து இந்தியாவில் 60, இங்கே 50. கண்ணதாசன் காலமானது 1981இல். அவர் வரிகள் இந்தியாவில் 2041 முடியும் வரை காப்பில் இருக்கும். அந்த உரிமை இப்போது தயாரிப்பாளரிடமா, இசைக் கம்பெனியிடமா என்பது அந்தக் கால ஒப்பந்தத்தைப் பொறுத்தது. தயாரிப்பாளர் குடும்பத்தோடு பேசும்போது ‘நெகட்டிவ் உரிமை’ யாரிடம் என்று அந்த வார்த்தையிலேயே கேளுங்கள், உடனே புரியும். பேச்சோடு விடாமல் எழுதி வாங்குங்கள். பெரிய தொகையில் ஒப்பந்தம் செய்வதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுவது நல்லது.

டிஸ்க்

எந்த நாட்டுக் கருவியில் ஓடலாம் என்று டிஸ்க்குகளில் மண்டலப் பூட்டு போடுவார்கள். டிவிடியில் இந்தியா மண்டலம் 5, நாம் 2. புளூரேயில் இந்தியா சி, நாம் பி. இந்தியாவிலிருந்து அத்தை அனுப்பிய டிஸ்க் இங்கே ஓடாததன் காரணம் பல சமயம் இதுதான். நீங்கள் செய்யும்போது மண்டலப் பூட்டே போடாதீர்கள். முடிந்தால் புளூரே செய்யுங்கள், 24 பிரேமிலேயே ஓடும், சித்தப்பாவுக்கும் நிம்மதி. பொதுவில் விநியோகிக்க இந்த நாட்டுத் தணிக்கை அமைப்பான ஃபிலிம் அண்ட் பப்ளிகேஷன் போர்டின் வகைப்பாடு வேண்டும். வெளியிட்ட பிறகு சட்டப்படி பிரிட்டோரியா காப்பகத்துக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும், அதை நான் சுமையாக நினைக்கவில்லை. அட்டைக்குப் படம் தேடுகிறவர்கள் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி–லுதுலி ஆவண மையத்தில் கேட்டுப் பார்க்கலாம், டர்பன் இந்தியர்களின் பழைய தாள்களும் புகைப்படங்களும் அங்கே இருக்கின்றன.

ஸ்கேன் ஆகிவிட்டதே என்று ரீலைக் குப்பையில் போடாதீர்கள். இன்னும் பத்து வருஷத்தில் இதைவிட நல்ல ஸ்கேனர் வரும், அப்போது அதே ரீல்தான் வேண்டும். டின்னின் மேல் பென்சிலால் படத்தின் பெயர், எத்தனையாவது சுருள், சோதனைத் தாள் காட்டிய நிறம், தேதி எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள்.